தமிழ்ப்பள்ளியில் இணைய வகுப்பறை: முதன்முறை தொடங்கும் ஆசிரியருக்கு

கூகுள் கிளாஸ்ரூமில் ஒரு வகுப்பைத் திறக்க ஐந்து நிமிடம் போதும். அந்த வகுப்புக்குள் எல்லாப் பிள்ளைகளையும் கொண்டுவந்து சேர்ப்பதற்குள்தான் ஆசிரியருக்குப் போதும் போதும் என்றாகிவிடுகிறது. பயிற்சிப் பட்டறைகளில் எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன வரும் என்று காட்டுகிறார்கள். பிள்ளை கடவுச்சொல்லை மறந்தால் யாரைக் கேட்பது, அப்பாவின் கைப்பேசியில் படிவம் ஏன் திறக்க மறுக்கிறது, தமிழில் சரியாக எழுதிய விடைக்கு ஏன் சுழியம் விழுகிறது என்பதையெல்லாம் நாமாகத்தான் முட்டி மோதித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. மலேசியாவின் பினாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளியில் அப்படித் தெரிந்துகொண்டவற்றை இங்கே வரிசையாக எழுதியிருக்கிறேன். கல்வி அமைச்சின் கணக்குமுறை நாடு முழுவதும் ஒன்றுதான். ஆகவே கோலாலம்பூரிலோ ஈப்போவிலோ இருக்கும் ஆசிரியருக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். பலர் ஏழாம் படியில் தொடங்கி, முதல் படியில் வந்து சிக்கிக்கொள்கிறார்கள்.

1. முதலில் கணக்கைச் சரிபாருங்கள்

2020 ஜூனில் அமைச்சு தொடங்கிய டெலிமா என்ற இணையக் கற்றல் தளம்தான் நம் நுழைவாயில். அதற்கான அடையாளக் கணக்கு ஒவ்வோர் ஆசிரியருக்கும் மாணவருக்கும் தனித்தனியாக உண்டு. ஆசிரியர் கணக்கு ‘ஜி’ எழுத்திலும் மாணவர் கணக்கு ‘எம்’ எழுத்திலும் தொடங்கும். இரண்டும் ‘எம்ஓஇ-டிஎல்’ என்ற ஒரே முகவரிக்குள் அடங்கும். இந்த ஒரு கணக்கிலேயே கூகுள் கிளாஸ்ரூம், படிவம், நேரலைச் சந்திப்புக்கான மீட், மைக்ரோசாஃப்ட் செயலிகள் என எல்லாவற்றுக்கும் போகலாம். படம், சுவரொட்டி வடிவமைக்க உதவும் கென்வாவின் கல்விப் பதிப்பும் இதே கணக்கில் இலவசம்.

அடையாளக் கணக்குகளை ஐடிமி தளத்தில் நிர்வகிக்கிறார்கள். பள்ளியில் டெலிமா அட்மினாக ஓர் ஆசிரியர் இருப்பார். அவர் யார் என்று முதல் வாரத்திலேயே கேட்டு வையுங்கள். கடவுச்சொல் மறந்த பிள்ளைகளை ஒவ்வொருவராக அவரிடம் அனுப்பாதீர்கள். அவருக்கும் முழுநேரப் பாடவேளை உண்டு. பெயர், வகுப்பு, அடையாளக் கணக்கு மூன்றையும் பட்டியலாக எழுதி ஒரே தடவையில் கொடுத்தால் வேலை விரைவில் முடியும். கடவுச்சொல்லை மீட்டமைத்த பிறகு, முதல் நுழைவில் புதியது ஒன்றை அமைக்கும்படி கேட்கக்கூடும். அந்த நேரத்தில் பிள்ளை உங்கள் பக்கத்தில் இருக்கட்டும்.

பள்ளித் தவணை தொடங்கிய உடனே வகுப்புப் பட்டியலை நம்பி இறங்க வேண்டாம். மாற்றலாகி வந்த பிள்ளைகளும் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளும் பட்டியலில் வந்து சேர நாளாகும். பெயர்கள் ஓரளவு நிலைபெற்றதும் தொடங்கினால் இரட்டை வேலை இருக்காது.

உங்கள் கணினியில் இன்னொன்றும் செய்யுங்கள். குரோம் உலாவியில் பள்ளிக்கென்று தனிச் சுயவிவரம் ஒன்றை உருவாக்கி, அதில் பள்ளிக் கணக்கை மட்டும் திறந்து வையுங்கள். சொந்த ஜிமெயிலும் பள்ளிக் கணக்கும் ஒரே சாளரத்தில் கலந்திருந்தால், வினாத்தாளைச் சொந்த டிரைவில் (கூகுளின் இணையச் சேமிப்பகம்) சேமித்துவிட்டுப் பள்ளிக் கணக்கில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

2. தாளில் தயார் செய்ய வேண்டியவை

இணையத்துக்குப் போகுமுன் தாள்வேலை கொஞ்சம் இருக்கிறது. இவற்றை ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்:

- பிறப்புச் சான்றிதழில் அல்லது மைகிட் எனும் சிறுவர் அடையாள அட்டையில் உள்ளபடி மாணவர் பெயர்ப் பட்டியல். வீட்டுப் பெயரையும் கூப்பிடும் பெயரையும் வைத்துத் தேடினால் கணக்கு கிடைக்காது.
- பெற்றோர் இருவரின் கைப்பேசி எண்கள். தாத்தா பாட்டி பார்த்துக்கொள்ளும் பிள்ளையென்றால் அவர்களுடைய எண்ணும்.
- பெற்றோரின் ஒப்புதல் கடிதம். பிள்ளையின் படம், குரல், காணொளி ஆகியவற்றை வகுப்புக்குள் பயன்படுத்தவும், பள்ளி நேரத்துக்கு வெளியே நேரலை நடத்தவும் தனித்தனியே கையொப்பம் வாங்குங்கள்.
- தலைமையாசிரியரின் எழுத்துவழி அனுமதி. வாய்மொழி அனுமதியோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். பின்னாளில் ஒரு பெற்றோர் கேள்வி எழுப்பினால் உங்களுக்கு இந்தத் தாள்தான் துணை.

அடையாளக் கணக்கையும் தற்காலிகக் கடவுச்சொல்லையும் சிறு சீட்டுகளாக அச்சிட்டு, உறையில் போட்டுப் பெற்றோர் கையில் கொடுங்கள். முழுப் பட்டியலையும் வகுப்பின் புலன (வாட்ஸ்அப்) குழுவில் ஒருபோதும் போடாதீர்கள். ஒரு பிள்ளையின் கணக்கில் இன்னொரு பிள்ளை நுழைந்து வேலையை அழித்தால், யார் செய்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

3. வீட்டு நிலவரத்தைக் கேளுங்கள்

இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் முக்கியமானது இந்தப் படிதான்.

பாயான் லெப்பாஸ், பிறை தொழிற்பேட்டைகளில் ஷிப்டு வேலை பார்க்கும் பெற்றோர் நம்மிடம் நிறைய. அந்த வீடுகளில் இருப்பது ஒரே கைப்பேசியாக இருக்கலாம். அதுவும் அம்மாவோடு வேலைக்குப் போய்விடும். மூன்று பிள்ளைகள் அதற்குக் காத்திருப்பார்கள். மாலை 6 மணிக்குள் பயிற்சியை அனுப்பச் சொன்னால், அம்மா வீடு திரும்பும்போது நேரம் கடந்திருக்கும். பிள்ளை சோம்பேறி என்று பெயர் வாங்கும்.

ஆகவே தாளில் நான்கே கேள்விகள் அனுப்புங்கள். வீட்டில் எத்தனை கைப்பேசி அல்லது கணினி? அதை எத்தனை பிள்ளைகள் பகிர்கிறார்கள்? எந்த நேரத்தில் கையில் கிடைக்கும்? இணையம் வைஃபையா, முன்கட்டணத் தரவா? இந்தக் கணக்கெடுப்பை இயங்கலைப் படிவத்தில் எடுக்கக்கூடாது. இணையம் இல்லாத வீடு அதில் பதில் சொல்லாது. அந்த வீட்டைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பதில்களைப் பார்த்தபின் முடிவெடுங்கள். ஒப்படைக்கும் கெடுவை ஞாயிறு இரவு என்று வைப்பது பெரும்பாலான வீடுகளுக்குத் தோதாக இருக்கும். தைப்பூச வாரத்தில் கெடு வைக்காதீர்கள். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் குடும்பங்கள் பயிற்சியைப் பார்க்கப்போவதில்லை. தீபாவளிக்கு முந்திய வாரமும் அப்படித்தான்.

கருவி அறவே இல்லாத பிள்ளைக்கு அதே பயிற்சியைத் தாளில் கொடுங்கள். கணினி அறையில் வாரம் ஒரு பாடவேளை அந்தப் பிள்ளைகளுக்கு ஒதுக்க முடியுமா என்று தலைமையாசிரியரிடம் பேசிப் பாருங்கள்.

4. தமிழ் எழுத்தைத் தயார் செய்யுங்கள்

மலாய், ஆங்கில ஆசிரியர்களுக்கு இந்தப் படியே கிடையாது. நமக்கு உண்டு.

முதலில் உங்கள் கணினி. விண்டோஸ் அமைப்புகளில் மொழிப் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்தால் தமிழ் 99 விசைப்பலகையைத் தேர்ந்தெடுக்கலாம். விண்டோஸ் விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும். மேக், ஐபோன் கருவிகளில் தமிழ் 99, அஞ்சல் இரண்டும் உள்ளேயே இருக்கின்றன. நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் கணினிக்கும், செல்லினம் கைப்பேசிக்கும் இன்றும் நம்பிக்கையாக வேலை செய்கின்றன.

பிள்ளைகளுக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது? ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழ் வரவைக்கும் முறை நமக்கு எளிது. ஆனால் எழுத்துக்கூட்டிப் பழகும் வயதில் இருக்கும் பிள்ளை ஒவ்வொரு தமிழ்ச்சொல்லையும் ஆங்கில எழுத்தில் நினைத்துப் பார்ப்பது எனக்கு உடன்பாடில்லை. தமிழ் 99 முறையில் உயிரெழுத்துகள் இடப்புறம், மெய்கள் வலப்புறம். ‘க’ விசையை இருமுறை தட்டினால் முதல் எழுத்தில் தானாகப் புள்ளி விழுந்து ‘க்க’ என்று வரும். நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இது பிடிபடும். முதல் மூன்று ஆண்டுப் பிள்ளைகளைத் தட்டச்சு செய்யவே சொல்லாதீர்கள். நோட்டில் எழுதிப் படமெடுத்து அனுப்பட்டும், அல்லது வாசித்துக் குரலைப் பதிவு செய்து அனுப்பட்டும். கையெழுத்தும் உச்சரிப்பும் அப்போதுதான் நம் பார்வைக்கு வரும்.

நீண்ட பகுதிகளை நீங்களே தட்டச்சு செய்ய நேரமில்லையா? கூகுள் டாக்ஸைக் குரோமில் திறந்து, கருவிகள் பட்டியலில் குரல்வழித் தட்டச்சைத் தேர்ந்தெடுங்கள். மொழியில் தமிழ் (மலேசியா) என்றே ஒரு தெரிவு இருக்கிறது. நிறுத்தற்குறிகளை நீங்கள்தான் போட வேண்டும். ஒற்றெழுத்தையும் ல, ள, ழ வேறுபாட்டையும் கண்டிப்பாகச் சரிபாருங்கள்.

அடுத்தது பழைய கேள்வித்தாள். பல பள்ளிகளில் ஆண்டுக்கணக்காகச் சேர்த்து வைத்த வினாக்கள் டிஸ்கி, பாமினி போன்ற பழைய குறியாக்கங்களில் இருக்கின்றன. உங்கள் கணினியில் அந்த எழுத்துரு இருப்பதால் அழகாகத் தெரியும். படிவத்தில் ஒட்டியதும் புரியாத குறிகளாக மாறிவிடும். சோதனை எளிது. ஒரு வரியை நகலெடுத்துப் புலனத்தில் உங்களுக்கே அனுப்பிப் பாருங்கள். தமிழாக வந்தால் அது யூனிகோட், அதாவது எல்லாக் கருவிகளிலும் தெரியும் பொதுக் குறியாக்கம். குப்பையாக வந்தால் இணையத்தில் கிடைக்கும் இலவச எழுத்துரு மாற்றிகளில் போட்டு யூனிகோடாக மாற்றிக்கொள்ளுங்கள். பிடிஎஃப் கோப்பிலிருந்து தமிழை நகலெடுத்தாலும் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். அங்கே மீண்டும் தட்டச்சு செய்வதே நேரத்தை மிச்சப்படுத்தும்.

5. ஒரே ஒரு வகுப்பைத் திறங்கள்

தமிழ்மொழி, கணிதம், அறிவியல் என்று எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் வகுப்பு திறக்காதீர்கள். நீங்கள் அதிகம் போதிக்கும் ஒரு பாடம், ஒரு வகுப்பு போதும். பெயரில் ஆண்டு, வகுப்பு, பாடம், பள்ளியாண்டு நான்கும் இருக்கட்டும். வெறும் ‘தமிழ்மொழி’ என்று வைத்தால் அடுத்த ஆண்டு எது எதுவென்று தெரியாது.

வகுப்புக் குறியீட்டைக் கொடுத்தால் பிள்ளைகள் தாங்களே சேரலாம். இங்கேதான் முதல் பொறி. கைப்பேசியில் ஏற்கெனவே திறந்திருப்பது அப்பாவின் ஜிமெயில். அந்தக் கணக்கில் குறியீட்டைத் தட்டினால் பள்ளி வகுப்பு ஏற்றுக்கொள்ளாது. செயலியின் மூலையில் உள்ள வட்டத்தைத் தொட்டு, பிள்ளையின் ‘எம்’ கணக்கைச் சேர்த்து, அதற்கு மாறிய பிறகுதான் குறியீட்டைத் தட்ட வேண்டும். இதைப் படம்பிடித்து, அம்புக்குறி போட்டு, தமிழில் இரண்டு வரி எழுதிப் பெற்றோருக்கு அனுப்புங்கள். அறிக்கை அட்டை கொடுக்கும் நாளில் பெற்றோர் பள்ளிக்கு வருவார்கள். ஒரு மேசை போட்டு அங்கேயே செய்து கொடுத்துவிட்டால் வாரக்கணக்கான தொலைபேசி அழைப்புகள் குறையும்.

பயிற்சி கொடுக்கும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, பயிற்சித்தாளை இணைத்ததும் ‘ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு நகல்’ என்ற தெரிவைப் பதிவிடுமுன்பே போட வேண்டும். பதிவிட்ட பிறகு மாற்ற முடியாது. அந்தப் பயிற்சியை நீக்கிவிட்டுப் புதிதாகத்தான் போடவேண்டியிருக்கும். இரண்டு, பிள்ளைகள் படத்தை இணைத்துவிட்டு ‘டர்ன் இன்’ பொத்தானை அழுத்தாமல் போய்விடுவார்கள். உங்களுக்கு ‘ஒப்படைக்கவில்லை’ என்று தெரியும், அவர்களோ அனுப்பிவிட்டோம் என்பார்கள். இரு தரப்பும் உண்மையையே சொல்வதால் கோபப்பட இடமில்லை. முதல் பயிற்சியை மதிப்பெண் இல்லாத வெறும் பழக்கமாக வைத்து, எல்லாரும் அந்தப் பொத்தானை அழுத்தக் கற்றபின் உண்மையான பயிற்சிக்குப் போங்கள்.

உங்கள் பாடக்குழுவில் ஒருவரை இணையாசிரியராகச் சேர்த்து வையுங்கள். நீங்கள் மருத்துவ விடுப்பில் இருக்கும் நாளில் வகுப்பு அநாதையாக நிற்காது.

6. கூகுள் படிவத்தில் கேள்வி அமைப்பது

நேரம் மிச்சமாவது இங்கேதான். சிக்கலும் இங்கேதான் அதிகம்.

அமைப்புகளில் வினாடி வினாவாக மாற்றுங்கள். மின்னஞ்சல் சேகரிப்பை இயக்குங்கள். மதிப்பெண்ணை உடனே காட்டாமல், நீங்கள் பார்த்த பிறகு வெளியிடும் தெரிவை எடுங்கள்.

பல்தெரிவுக் கேள்விகளைக் கணினியே பிழையின்றித் திருத்தும். குறுவிடைகளை மட்டும் அதன் பொறுப்பில் விட்டுவிடாதீர்கள். நீங்கள் கொடுத்த விடையோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுத்தான் மதிப்பெண் போடுகிறது. ‘ஔவையார்’ என்பது விடை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை ‘ஒ’ தட்டி, பக்கத்தில் ‘ள’ தட்டி ‘ஒளவையார்’ என்று எழுதும். கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்று. கணினிக்கு வேறு வேறு. ‘மௌனம்’ போன்ற சொற்களிலும் இதே நிலைதான். சொற்களுக்கிடையே இடைவெளி விடுவதிலும் பிள்ளைக்குப் பிள்ளை வேறுபாடு இருக்கும். ‘கடற்கரை’ என்று ஒருவரும் ‘கடற் கரை’ என்று இன்னொருவரும் எழுதுவார்கள். ஏற்கத்தக்க எல்லா வடிவங்களையும் விடைப்பகுதியில் சேர்த்து வையுங்கள். அதன் பிறகும் சுழியம் வாங்கிய விடைகளை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டே மதிப்பெண்ணை வெளியிடுங்கள். சரியாக எழுதிய பிள்ளைக்குத் தவறு என்று சிவப்பில் காட்டினால், அந்தப் பிள்ளை அடுத்த முறை தயங்கும். அதை ஈடுசெய்வது கடினம்.

பெற்றோருக்கான படிவமென்றால் அமைப்பு வேறு. பள்ளிக் கணக்கில் உருவாக்கும் படிவம், அதே முகவரிக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் என்று இயல்பாகவே பூட்டியிருக்கக்கூடும். பெற்றோர் தம் ஜிமெயிலில் திறந்தால் அனுமதி இல்லை என்று வரும். அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, மறைநிலை (இன்காக்னிட்டோ) சாளரத்தில் நீங்களே ஒருமுறை திறந்து பார்த்த பிறகு அனுப்புங்கள். கோப்புப் பதிவேற்றம் கேட்கும் கேள்வியை மட்டும் பெற்றோர் படிவத்தில் வைக்காதீர்கள். அதற்குக் கணக்கு நுழைவு கட்டாயம்.

விடைகள் விரிதாளில் தானாகச் சேரும். வகுப்புசார் மதிப்பீட்டுக்குச் சான்று கேட்கும்போது இந்த விரிதாளும் கிளாஸ்ரூமில் உள்ள படங்களும் கைகொடுக்கும். அடைவுநிலையை மட்டும் படிவ மதிப்பெண்ணை வைத்து முடிவு செய்துவிடாதீர்கள். வீட்டில் அக்காள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாரா என்பது விரிதாளுக்குத் தெரியாது.

7. நேரலையும் காணொளியும்

நேரலை ஒரு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 1 ஜிபி தரவு போகும் என்று கணக்கு வையுங்கள். முன்கட்டணக் கைப்பேசி வைத்திருக்கும் வீட்டுக்கு அது பெரிய செலவு. வெளியூர் போட்டி, விருந்தினர் உரை, வெள்ளத்தால் பள்ளி மூடப்பட்ட நாள் போன்ற தேவைகளுக்கு மட்டும் நேரலையை வைத்துக்கொள்வது என் பரிந்துரை. கட்டணமில்லா ஜூம் கணக்கில் ஒரு சந்திப்பு 40 நிமிடத்தில் முடிந்துவிடும். பள்ளிக் கணக்கின் மீட் அதற்கு மேலும் ஓடும். திரையில் காணொளி காட்டும்போது பிள்ளைகளுக்கு ஒலி கேட்கவில்லை என்றால், முழுத் திரையைப் பகிராமல் குரோம் தாவலை மட்டும் ஒலியோடு பகிருங்கள்.

பாடக் காணொளியை யூடியூபில் ஏற்றினால் ‘பட்டியலிடப்படாதது’ என்று வையுங்கள். ‘தனிப்பட்டது’ என்று வைத்தால் பிள்ளைகளால் திறக்க முடியாது. 15 நிமிடத்துக்கு மேற்பட்ட காணொளிக்குக் கைப்பேசி எண்ணை உறுதிப்படுத்தக் கேட்கும். அவ்வளவு நீளம் தேவையே இல்லை. ஒரு கருத்துக்கு ஐந்து நிமிடம் போதும்.

புலனத்தில் கணக்கு வைத்திருக்கக் குறைந்தது 13 வயது ஆகியிருக்க வேண்டும். தொடக்கப்பள்ளியில் புலனக் குழு பெற்றோருக்கானதாகவே இருக்கட்டும்.

8. விளையாட்டுக் கருவிகள்

கஹூட், 2025இல் வேகிரவுண்ட் என்று பெயர் மாறிய குவிசிஸ், வேர்ட்வால் மூன்றும் வகுப்பைக் கலகலப்பாக்கும். மூன்றையும் ஒன்றாகப் பிடிக்காதீர்கள். ஒரு தவணைக்கு ஒன்று. இலவசக் கணக்குகளில் கட்டுப்பாடு உண்டு. வேர்ட்வாலில் ஐந்து பயிற்சிகள் வரைதான் உருவாக்கலாம். கஹூட்டில் எத்தனை பேர் சேரலாம் என்பதற்கு வரம்பு இருக்கும். வகுப்பின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டு, முந்திய நாளே சோதித்துவிடுங்கள்.

கேள்வியின் நீளத்துக்கும் வரம்பு உண்டு. நாம் ‘தமிழ்’ என்பதை மூன்றெழுத்தாக எண்ணுகிறோம். கணினி இகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணி ஐந்து என்கிறது. ஆகவே கேள்வியைச் சுருக்கமாக எழுதுங்கள். நீண்ட பத்தியைத் தாளில் கொடுத்துவிட்டுக் கேள்வியை மட்டும் திரையில் காட்டலாம்.

9. செலவும் வரிக்கழிவும்

சந்தா எதுவும் வாங்காமலேயே முதல் ஆண்டை ஓட்டிவிடலாம். செலவு செய்வதென்றால் கைப்பேசித் தாங்கி ஒன்று, சட்டையில் குத்தும் சிறு ஒலிவாங்கி ஒன்று, புரொஜெக்டருக்கான எச்டிஎம்ஐ கம்பி ஒன்று. புதிய மடிக்கணினிகள் சிலவற்றில் எச்டிஎம்ஐ துளை இருக்காது. மாற்றி ஒன்று தேவைப்படும். கடைக்குப் போகும்போது மடிக்கணினியையும் எடுத்துப் போய்ப் பொருத்திப் பாருங்கள். பினாங்கில் கொம்தார் வட்டாரக் கடைகளிலும், கோலாலம்பூரில் லோ யாட் பிளாசாவிலும் இவை கிடைக்கும்.

பள்ளிக்குப் பொதுவாக வாங்க வேண்டியவற்றைச் சொந்தக் காசில் வாங்காதீர்கள். விலைப்புள்ளியோடு பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு எழுதுங்கள். கூட்டம் நடந்து முடிவாக நாளாகும், ஆகவே தவணைத் தொடக்கத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

உங்களுக்கென்று கணினி, கைப்பேசி, கைக்கணினி வாங்கினாலோ, வீட்டு இணையக் கட்டணம் கட்டினாலோ, வருமான வரியில் வாழ்க்கைமுறைக் கழிவாகக் காட்டலாம். இவை எல்லாம் சேர்ந்து உச்சவரம்பு ஆண்டுக்கு 2,500 ரிங்கிட். இணையக் கட்டணச்சீட்டு உங்கள் பெயரில் இருக்க வேண்டும். அப்பாவின் பெயரில் இருந்தால் நீங்கள் கழிவு கோர முடியாது. இது வரிவிதிப்புக்குரிய வருமானத்திலிருந்து கழியும் தொகை. 2,500 ரிங்கிட் கையில் திரும்பி வரும் என்று எண்ணிச் செலவு செய்துவிடாதீர்கள். சம்பளக்காரர்கள் பிஇ எனும் வருமான வரிப் படிவத்தை ஏப்ரல் 30க்குள் அனுப்ப வேண்டும். மின்வழி அனுப்பினால் மே 15 வரை ஏற்கிறார்கள். ரசீதுகளை ஏழாண்டுகள் வைத்திருக்க வேண்டும். வெப்பத்தாளில் அச்சான ரசீது சில மாதங்களில் மங்கிவிடும், வாங்கிய அன்றே படமெடுத்து டிரைவில் போடுங்கள்.

10. ஆண்டு முடிவில்

மதிப்பெண்களை விரிதாளாகப் பதிவிறக்குங்கள். நல்ல பயிற்சிகளை உங்கள் டிரைவில் ஆண்டுவாரியாக ஒரு கோப்புறையில் சேருங்கள். வகுப்பை அழிக்காமல் காப்பகத்துக்கு அனுப்புங்கள். பிறகு யாராவது சான்று கேட்டால் திறந்து காட்டலாம், பயிற்சிகளை அடுத்த ஆண்டு வகுப்பில் மறுபடியும் பயன்படுத்தலாம்.

பணி ஓய்வு பெறவிருப்பவர்களும் வேலையை விட்டுப் போகிறவர்களும் இன்னும் முன்கூட்டியே செயல்பட வேண்டும். பள்ளிக் கணக்கு அமைச்சுடையது. அது மூடப்பட்டால் உள்ளே இருக்கும் பயிற்சிகளும் காணொளிகளும் கைக்கு எட்டாது. கடைசி மாதத்துக்குள் வெளிவட்டு ஒன்றில் நகலெடுங்கள். பிள்ளைகளின் படங்களையும் மதிப்பெண்களையும் எடுத்துப் போகாமல் பள்ளியிலேயே விட்டுவிடுங்கள். பாடப்பொருள் கோப்புறையை உங்களுக்குப் பின் அந்த வகுப்பை எடுக்கும் ஆசிரியரோடு பகிர்ந்து, அவர் அதைத் தம் டிரைவில் நகலெடுத்துக்கொண்டாரா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். பகிர்வு மட்டும் இருந்தால், உங்கள் கணக்கு மூடப்படும் நாளில் அவருக்கும் அது போய்விடும்.